கொட்டகையில் கை வைக்காதீர்கள்: ஸ்தபதி நினைவு இல்ல நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

நினைவு இல்லத்தின் வாசலில் நீங்கள் அந்த அறிவிப்பை ஒட்டிப் பதினைந்து நாள் ஆகிறது. பின்கட்டில் இருக்கும் "பயன்பாட்டில் இல்லாத ஓட்டுக் கொட்டகை" இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடமும் காபிக் கடையும் வரும் என்று அதில் போட்டிருக்கிறீர்கள். அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் வந்தேன். முதல் இரண்டு முறை மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை, குழு முடிவு செய்துவிட்டது, இனிப் பேச ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்குப் பேச நிறைய இருக்கிறது. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

அந்தக் கொட்டகையில் என் அப்பா 28 வருஷம் மண் கட்டினார். சுவாமிமலை வட்டாரத்துப் பட்டறைகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்தபதி முதலில் சிலையை மெழுகில் செய்வார். அந்த மெழுகுச் சிலையின் மேல் மண்ணைப் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, உள்ளே உண்டான வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். மெழுகு வேலை ஸ்தபதியுடையது. மண் வேலை வேறொருவருடையது. இந்த நினைவு இல்லம் எந்த ஸ்தபதியின் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் நாங்கள் பெரியவர் என்போம். எங்கள் பெரியவரின் பட்டறையில் அந்த வேறொருவர் என் அப்பா. ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தவர் இல்லை, கூலிக்குச் சேர்ந்தவர். ஆனால் அவர் மண் கட்டினால் வார்ப்பு தப்பாது என்று பெரியவரே நாலு பேர் முன்னால் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டால் நேரே அந்தக் கொட்டகைக்குத்தான் போவேன். ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் காவிரிக் கரையில் வண்டல் படிந்திருக்கும். அதை மூட்டையில் கட்டி சைக்கிளில் கொண்டுவருவோம். அப்பா ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். நறநறத்தால் ஆகாது, திரும்பச் சலிக்க வேண்டும். சலித்த வண்டலோடு உமிக்கரியைச் சேர்த்து அம்மியில் மை போல அரைப்பார்கள். அரைத்தது பெரியவரின் மனைவி. நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம். அந்த அம்மியில் ஒரு நாளும் மிளகாய் அரைத்ததில்லை. அது மண்ணுக்கென்றே இருந்த அம்மி. முதல் பூச்சு அந்த அரைத்த மண். மெழுகில் ஸ்தபதி கீறிய ஒவ்வொரு கோட்டையும், நகக்கண்ணையும், ஆரத்தின் ஒவ்வொரு மணியையும் அந்த மெல்லிய பூச்சுதான் பிடித்துக்கொள்ளும். நிழலில்தான் உலர வேண்டும். வெயில் பட்டால் வெடிக்கும். அது உலர்ந்த பிறகு மணல் கலந்த மண், அப்புறம் இன்னும் கொரகொரப்பான மண், அதன் மேல் இரும்புக் கம்பிக் கட்டு. வானம் மூட்டமாக இருந்தால் ஒரு பூச்சு உலர மூன்று நான்கு நாள்கூட ஆகும். அப்பா அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

வார்ப்பு அன்று கொட்டகையில் சத்தம் இருக்காது. வரட்டி அடுப்பில் மண் கூட்டைச் சுட்டு மெழுகை இறக்குவார்கள். சூடு ஆறுவதற்குள் குழியில் வைத்து, வாய் மட்டும் மேலே தெரிய, சுற்றிலும் மண் கெட்டித்துவிடுவார்கள். எவ்வளவு உலோகம் உருக்குவது என்பதற்கு மெழுகின் எடைதான் கணக்கு. மெழுகு 3 கிலோ என்றால் உலோகம் 24 கிலோவுக்குக் குறையக் கூடாது, எட்டு மடங்கு என்பார் பெரியவர். அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துத்தான் போடுவார். அந்தக் கணக்கெல்லாம் நாற்பது பக்க நோட்டுகளில் பென்சிலில் எழுதியிருக்கும். உருகிய உலோகத்தை ஒரே இழையாக, நடுவில் அறாமல் ஊற்ற வேண்டும். ஒரு கணம் அறுந்தால் சிலையில் வடு விழும். ஒரு துளை வழியாக ஊற்றும்போது இன்னொரு துளையில் உலோகம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

அந்தக் குழி எங்கே போயிற்று?

மூன்று மாதத்துக்கு முன்னால், திறப்பு விழா முடிந்த மறுவாரம், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பெரியவர் காலமான பிறகு பூட்டிக் கிடந்த வீட்டை, மனை வியாபாரிகள் கைக்குப் போகாமல் காப்பாற்றியது உங்கள் குழுதான். ஒழுகிய கூரையைச் சரி செய்தீர்கள், கரையான் பிடித்த உத்திரத்தை மாற்றினீர்கள். அதற்காக இந்த ஊர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் எனக்கு வழி தெரியவில்லை. சின்ன வயதில் கண்ணைக் கட்டி விட்டாலும் நடந்திருப்பேன் அந்த வீட்டில்.

முற்றத்தை ஒட்டிய வேலைத் தாழ்வாரத்தில் பளபளக்கும் டைல்ஸ். புகைக்கரி ஏறிக் கறுத்திருந்த சுவரில் வெள்ளைப் பெயின்ட். அந்தச் சுவரில் பெரியவர் கரிக்கட்டியால் போட்ட அளவுக் கோடுகள் இருந்தன. ஒரு நடராசருக்குத் தூக்கிய காலின் சாய்வு எவ்வளவு என்று சீடர்களுக்குக் காட்டுவதற்காகப் போட்ட கோடு. அது இருந்த இடத்தில் இப்போது அவருடைய பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறது. தாழ்வாரத்துக் கோடியில் இருந்த வார்ப்புக் குழியை மூடி, மேலே கிரானைட் பதித்து, புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை கட்டியிருக்கிறீர்கள். உளிகளையும் அரங்களையும் துருப் போகத் தேய்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். பிடியில் சுற்றியிருந்த துணியைக் காணோம். வேலை செய்கிற கைக்கு ஏற்றபடி அந்தத் துணியைச் சுற்றுவார்கள். அது இல்லாமல் எது யாருடைய உளி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மெழுகைச் சீவும் கத்திக்கு "பழங்காலச் சமையல் கத்தி" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆச்சியின் அம்மி வாசலில் பூத்தொட்டிக்குப் பீடமாகக் கிடக்கிறது.

ஒடியோலைகளையும் காணவில்லை. தென்னை ஓலையில் நறுக்கிய அந்த நீளப் பட்டைகளைக் குப்பை என்று நினைத்திருப்பீர்கள். சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத்தான் முகம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, முழங்கால் எங்கே வரவேண்டும் என்று குறிப்பார்கள். உத்தம தசதாளம் என்ற சிலை அளவு முறை என்றால் மொத்த உயரம் 124 பாகம். அந்த 124 பாகமும் ஒரு ஓலை மடிப்பில் அடங்கும். பெரியவர் முக்கியமான சிலைகளின் ஓலைகளைத் தாழ்வாரத்து இறவாணத்தில் கட்டாகச் செருகி வைத்திருந்தார். நூல் எதையும் புரட்டாமல் அந்தக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, இது இன்ன ஊர்ச் சிவகாமிக்கு என்று சொல்லுவார்.

எல்லாவற்றையும்விட என் நெஞ்சில் தைத்தது நடு அறையில் விளக்கு போட்டு வைத்திருக்கும் அம்மன் சிலை. கடைசி வார்ப்பு அது. மண்ணை உடைத்து எடுத்த நிலையில், உலோகம் இறங்கிய தண்டுகள் தோளிலும் பீடத்திலும் அப்படியே துருத்திக்கொண்டிருக்க, கறுப்பும் சாம்பலுமாக, பெரியவர் அதில் உளி வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சிலை எப்படிப் பிறக்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூலப்பொருளும் இல்லை, முடிந்த சிலையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நின்ற ஒன்று. நீங்கள் அதன் தண்டுகளை அறுத்து, மெஷினில் தேய்த்து, பாலிஷ் போட்டு வைத்திருக்கிறீர்கள். உளியே படாத முகம் வழவழவென்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதைத்தான் பெரியவரின் கைவேலை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அவர் ஒரு மூக்கு நுனிக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டவர்.

இனி மிச்சம் இருப்பது கொட்டகை மட்டும்தான். வீட்டைச் செப்பனிட்டவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதனால்தான் அது தப்பித்தது. வரட்டி அடுப்பு அங்கே அப்படியே இருக்கிறது. பெரிய வார்ப்புகளுக்கான இரண்டாவது குழி இருக்கிறது. மண் ஊறவைத்த தொட்டியின் அடியில் காய்ந்து வெடித்த வண்டல் இன்னும் இருக்கிறது. அதைத்தான் பயன்பாட்டில் இல்லாதது என்கிறீர்கள்.

வேறு ஊரில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டைக் காட்டி நம்மூரை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

என் மகள் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளோடு சில வாரம் இருந்தேன். நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஒரு சிற்பியின் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் வாங்கப்பா என்றாள். ரயிலில் மூன்று மணி நேரம் போய், செயின்ட் எர்த் என்ற சின்ன நிலையத்தில் இறங்கி, கடலோரமாகவே ஓடும் இன்னொரு ரயிலில் செயின்ட் ஐவ்ஸ் போய்ச் சேர்ந்தோம். மீன்பிடித் துறைமுகம், குறுகலான சந்துகள், மேடும் பள்ளமும். ஒரு மேட்டில் உயரமான மதில் சுவர். அதற்குள்ளே பார்பரா ஹெப்வொர்த் என்ற அம்மாள் வாழ்ந்து வேலை செய்த வீடு. ட்ரெவின் ஸ்டுடியோ என்று பெயர்.

அவர் 1903இல் பிறந்தவர். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டிடத்தின் முன்னால் நிற்கும் 21 அடி உயர வெண்கலச் சிற்பம் அவர் செய்தது. 1949இல் இந்த இடத்தை வாங்கினார். 1975இல் அதே வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் இறந்துபோனார், 72 வயதில். வீட்டையும் பட்டறையையும் தன் வேலைகளைப் பார்க்க வரும் மக்களுக்காகத் திறந்து வைக்க வேண்டும் என்று உயிலில் விரும்பியிருந்தார். மறு வருஷமே, 1976இல், குடும்பத்தார் திறந்துவிட்டார்கள். 1980இல் அது டேட் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்குப் போனது.

தோட்டத்தில் அவருடைய வெண்கலச் சிற்பங்கள் நிற்கின்றன. பெரும்பாலும் அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு சிற்பத்தின் குழிவில் தண்ணீர் தேங்கி அதில் மூங்கில் இலை மிதந்தது. அழகுதான். ஆனால் நான் வெகுநேரம் நின்றது அங்கே இல்லை. தோட்டத்தை ஒட்டி அவர் கல் செதுக்கிய பட்டறை இருக்கிறது. உள்ளே போக விடுவதில்லை, வெளியில் நின்று பார்க்கலாம். பார்த்தேன். பாதி செதுக்கிய கற்கள். பாதி என்றால் உளித் தடம் அப்படியே தெரிகிற பாதி. வரிசையாக உளிகள், அரங்கள், சுத்தியல்கள். சுவர் ஆணியில் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் மேலங்கி தொங்குகிறது, அதில் வெள்ளைத் தூள். எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். சாப்பிடப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்பது போல இருந்தது. அவர் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மகள் என்னைப் பார்த்து, "ஏம்பா கண் கலங்குது?" என்றாள். நம்ம ஊர்க் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டதம்மா என்றேன். அப்போது பெரியவர் வீடு பூட்டிக் கிடந்தது. இதே மாதிரி என்றைக்காவது நம் ஊரிலும் செய்வார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

வேலை செய்கிற இடத்தின் அழுக்கை எவ்வளவு மதிக்கலாம் என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. பிரான்சிஸ் பேக்கன் ஓவியர், சிற்பி இல்லை. லண்டனில் இருந்த அவருடைய வேலை அறை குப்பை மேடு போல இருக்கும். 1998இல் அதை டப்ளினில் உள்ள ஒரு கலைக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். அகழ்வாராய்ச்சியாளர்கள் வந்து ஒவ்வொரு பொருளும் எங்கே கிடந்தது என்று வரைபடம் போட்டு, 7,000க்கும் மேற்பட்ட பொருள்களைக் கணக்கெடுத்து, சுவர், கதவு, தரை, கூரை எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துப் போய் அங்கே திரும்பப் பொருத்தினார்கள். 2001இல் திறந்தார்கள். அறையில் படிந்திருந்த தூசியைக்கூடச் சேகரித்துக் கொண்டுபோனார்கள். நம்மிடம் எதையும் பெயர்க்க வேண்டிய தேவைகூட இல்லை. இருக்கிற இடத்தில் இருக்க விட்டால் போதும்.

பாரிஸில் பிராங்குசி என்ற சிற்பி, தன் சிலைகள் எது பக்கத்தில் எது நிற்கிறது என்பதே ஒரு வேலை என்று நினைத்தவர். ஒரு சிலை விலை போனால் அந்த இடத்தில் அதன் பிளாஸ்டர் நகலை வைத்துவிடுவார், இடம் வெறிச்சோடக் கூடாது என்று. பட்டறையை இருந்தது இருந்தபடி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசாங்கத்துக்கு எழுதி வைத்துவிட்டு 1957இல் இறந்தார். பட்டறை இருந்த அந்தச் சந்து முழுவதையுமே பிறகு இடித்துவிட்டார்கள். வேறொரு இடத்தில் 1997இல் மறுபடியும் கட்டிக் கண்ணாடிக்கு அப்பால் வைத்தார்கள். இடித்தது இடித்ததுதான். மறுபடி எவ்வளவு பொறுப்பாகக் கட்டினாலும் அந்தத் தரை அவர் நடந்த தரை ஆகாது.

உங்கள் அலுவலகத்தில் எனக்குச் சொன்ன காரணங்களையும் எடுத்துக்கொள்கிறேன். வருகிறவர்களின் உடுப்பில் கரி ஒட்டும் என்றார்கள். கயிறு கட்டி வெளியில் நிறுத்துங்கள், செயின்ட் ஐவ்ஸில் அப்படித்தான் செய்கிறார்கள். குழியில் குழந்தைகள் விழுந்துவிடும் என்றார்கள். இரும்பு வலை போட்டு மூடுங்கள், பார்க்கவும் முடியும், விழவும் முடியாது. காபிக் கடை வந்தால் பராமரிப்புக்குப் பணம் வரும் என்றார்கள். சரி, நியாயம்தான். தெருப்பக்கத்தில் வண்டிக் கொட்டில் காலியாகக் கிடக்கிறது, அங்கே வையுங்கள். நினைவு இல்லம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், பாரதியார் இல்லத்தைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். பாரதி இல்லங்களுக்கு நானும் போயிருக்கிறேன், எட்டயபுரத்துக்கும் புதுச்சேரிக்கும். கவிஞர் வீட்டில் ஒரு மேசையும் கையெழுத்துப் பிரதியும் இருந்தால் அவர் வேலை நமக்குக் கிடைத்துவிடுகிறது. சிற்பியின் வேலை மண்ணிலும் கரியிலும் நெருப்பிலும் அல்லவா இருக்கிறது? கரியைத் துடைத்துவிட்டால் பாரதியின் கவிதையை அழித்துவிட்டுப் பேனாவை மட்டும் காட்டுவது போல ஆகிவிடும்.

பெயர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் உள்ள கல்வெட்டில் பெரியவர் பெயர் இருக்கிறது. அவருக்குக் கீழே திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடையாளர்கள், குழு உறுப்பினர்கள் என்று இருபத்து மூன்று பெயர்கள். எண்ணிப் பார்த்தேன். மண் கட்டியவர் பெயர் இல்லை. உலை ஊதியவர் பெயர் இல்லை. புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுச் சிலையைக் கழுவிப் பளிச்சென்று ஆக்கிய இரண்டு பெண்களின் பெயர் இல்லை. ஆச்சியின் பெயரே இல்லை. அந்த ஆச்சி தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் அடுப்பில் காய்ச்சித் துணியில் வடிகட்டிக் கொடுக்காவிட்டால் பெரியவர் எதை வைத்துச் சிலை செய்திருப்பார்?

இங்கிருந்து தஞ்சாவூர் எவ்வளவு தூரம்? பெரிய கோயில் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். கோயில் எடுத்த ராஜராஜன், தான் கொடுத்ததோடு தன் அக்கா கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்னான். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் வெட்டியிருக்கிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது, குஞ்சரமல்லன் என்று. ஆயிரம் வருஷம் கழித்து நாம் அதைப் படிக்கிறோம். ஹெப்வொர்த் அம்மாளிடம் பத்து வருஷம் உதவியாளராக இருந்த டெனிஸ் மிட்செல் பின்னால் அவரே பெயர் பெற்ற சிற்பி ஆனார். அந்த அம்மாளைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் பெயரும் வருகிறது. எங்கள் பட்டறையில் இருந்த ஏழு பேரின் பெயரை எழுத உங்களுக்கு ஒரு சாண் கல் போதும்.

இப்போது என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில், கொட்டகையை இடிக்கும் முடிவை நிறுத்தி வையுங்கள். அறிவிப்பில் போட்ட தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் இந்தத் தொழிலில் இருக்கும் ஸ்தபதிகள் இரண்டு பேரையாவது, பட்டறையில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களையும், கொட்டகைக்குள் கூட்டிப்போய், எது என்ன என்று கேட்டு எழுதி, ஒவ்வொன்றையும் இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள். அதுவரை அடுப்பிலிருந்து ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். ஓடு சரிந்த இடத்தில் ஓடு மாற்றுங்கள், அது போதும்.

தாழ்வாரத்துக் குழியின் மேல் இருக்கும் மேடையை எடுத்துவிட்டுக் குழியைத் திறக்க வேண்டும். கிரானைட்டுக்கு அடியில் குழி நிரவப்படாமல் இருக்கும் என்றே நம்புகிறேன். சுவர்ப் பெயின்டைப் பழைய ஓவியங்களை மீட்கத் தெரிந்தவர்களைக் கொண்டு ஓர் ஓரத்தில் மெதுவாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் அடியில் இருக்கக்கூடும். கத்திக்கு ஒட்டிய சீட்டை இன்றைக்கே மாற்றுங்கள், அதற்குச் செலவு இல்லை. அம்மியைப் பூத்தொட்டிக்கு அடியிலிருந்து எடுத்துச் சமையலறையில் அதன் இடத்தில் போடுங்கள், யார் அதில் எதை அரைத்தார்கள் என்று எழுதி வையுங்கள். அம்மன் சிலையைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது, தெரியும். ஆனால் அதன் கீழே உண்மையை எழுதலாம்: இது ஸ்தபதி முடிக்காத சிலை, பின்னால் தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்டது என்று. அறுத்த தண்டுகள் எங்காவது கிடந்தால் அவற்றையும் பக்கத்தில் வையுங்கள்.

பெரியவரின் கணக்கு நோட்டுகள் உங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டேன். பென்சில் எழுத்து அழிந்துகொண்டே போகும். உடனே பிரதி எடுத்து, தொழில் கற்கும் பிள்ளைகள் பார்க்கக் கொடுங்கள். வருஷத்தில் ஒரு நாளாவது ஓர் ஸ்தபதியை வரவழைத்து, கூலி கொடுத்து, அந்தக் கொட்டகையிலேயே ஒரு சின்ன வார்ப்பு நடத்துங்கள். ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சீட்டு வாங்கக் கூடாது. என்னால் முடிந்த உதவியைச் சம்பளம் இல்லாமல் செய்கிறேன், மண் சலிப்பது உட்பட.

கல்வெட்டில் ஆச்சியின் பெயரும் ஏழு வேலையாட்களின் பெயரும் சேர வேண்டும். பட்டியலை என் மனுவோடு இணைத்திருக்கிறேன்.

இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். இடிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வேண்டும். மூடிய அறையில் முடிவு செய்ததை இந்த முறை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். நானும் வருகிறேன், பெரியவரிடம் வேலை செய்தவர்களும் வருவார்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். திறப்பு விழா முடிந்து நான் வந்த அன்று, மதிலுக்கு வெளியே நீங்கள் கொட்டிய குப்பையில் ஒரு மண் ஓடு கிடந்தது. வார்ப்பு முடிந்து உடைத்த மண் கூட்டின் ஒரு துண்டு, உள்ளங்கை அகலம். தப்பிப்போன வார்ப்புகளின் ஓடுகளைப் பெரியவர் ஓர் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். உலோகம் எங்கே ஓடாமல் நின்றது என்று அதைக் காட்டித்தான் சீடர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அந்த அலமாரியைக் காலி செய்திருக்கிறீர்கள். நான் அந்த ஓட்டை எடுத்து வந்துவிட்டேன். உட்புறத்தில் ஒரு சின்னப் பாதமும் தண்டையும் குழிவாகப் பதிந்திருக்கின்றன, தண்டையின் பரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெளிப்புறத்தில், கொரகொரப்பான மண்ணில், நாலு விரல் அழுத்திய பள்ளம் நெருப்பில் சுட்டு அப்படியே நிற்கிறது. நடுவிரலின் பள்ளம் மட்டும் ஆழம் குறைவு. உலைக்களத்தில் அடிபட்டு என் அப்பாவுக்கு அந்த விரல் சரியாக நீளாது.

ஓடு என் மேசை மேல் இருக்கிறது. அது உங்கள் இடத்துக்குச் சொந்தமானது. அலமாரியைப் பழைய இடத்தில் திரும்ப வையுங்கள், கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறையில் மண் கட்டியவரின் மகன்